கடல் மீனில் பூச்சிமருந்து எச்சம்: அளப்பது எப்படி, அறிவது என்ன?

பெருங்களத்தூர், முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கத்தில் வீட்டுமனைகளுக்கு நடுவே எஞ்சியிருக்கும் வயல்களைப் பார்த்தால், அவற்றுக்கும் கடலுக்கும் தொடர்பு உண்டு என்று எளிதில் தோன்றாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஏரிகள் நிரம்பி, கலங்கல் வழியே வழியும் நீர் அடையாற்றில்தான் சேருகிறது. ஆதனூர்ப் பக்கம் தொடங்கும் அந்த ஆறு அனகாபுத்தூர், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை வழியாக, மொத்தம் சுமார் 42 கிலோமீட்டர் ஓடி, சீனிவாசபுரம் அருகே கடலில் கலக்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரை மூழ்கடித்த வெள்ளமும் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போயிற்று. வயலில் தெளித்த மருந்தில் நீரோடு போகக்கூடியதும் இதே வழியில்தான் போகும்.

அப்படிப் போனது மீனில் வந்து சேருகிறதா, சேர்ந்தால் எவ்வளவு, அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று உழவர்கள் கேட்பதுண்டு. 'மீனில் நச்சு' என்று செய்தி வந்தால் இரண்டு நாள் மீன் வாங்காமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் மறந்துவிடுகிறோம். அந்தச் செய்தியில் வரும் எண் எப்படிக் கிடைத்தது என்று தெரிந்தால்தான் அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பது விளங்கும்.

எந்த மருந்து மீனில் தங்கும்?

எல்லாப் பூச்சிமருந்தும் மீனில் தங்குவதில்லை. மாலத்தியான் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் நீரிலும் வெயிலிலும் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்துவிடும். தங்குபவை ஆர்கனோகுளோரின் வகை: டி.டி.டி., பி.எச்.சி., ஆல்ட்ரின், டைல்ட்ரின், ஹெப்டாகுளோர், எண்டோசல்பான் போன்றவை. இவை நீரில் கரைவது மிகக் குறைவு. கொழுப்பில் நன்றாகக் கரையும். எனவே நீரில் இருப்பதைவிட உயிரினங்களின் கொழுப்பில் இருக்கவே 'விரும்பும்'. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் முதலில் இவற்றை ஏற்கின்றன. அவற்றை உண்ணும் சிறு மீனிலும், சிறு மீனை உண்ணும் பெரு மீனிலும் படிப்படியாக அளவு கூடுகிறது. அமெரிக்காவின் லாங் ஐலண்டு கழிமுகத்தில் செய்து 1967இல் வெளியிட்ட ஆய்வில், மிதவை உயிர்களில் பத்து இலட்சத்தில் 0.04 பங்கு இருந்த டி.டி.டி., மீன் தின்னும் கடற்புறாவின் உடலில் 75 பங்கு அளவுக்கு ஏறியிருந்தது.

இந்த மருந்துகளில் பெரும்பாலானவை இன்று நம் வயலுக்கு வருவதில்லை. டி.டி.டி.யை வேளாண்மையில் பயன்படுத்துவது 1989இல் விலக்கப்பட்டது. நம் ஊர் நெல் வயல்களில் தூளாகத் தூவப்பட்ட பி.எச்.சி. 1997 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானுக்கு 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. நிலைத்து நிற்கும் நச்சுகள் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006இல் ஏற்றது. தடை வந்துவிட்டதால் நச்சும் போய்விட்டது என்று எண்ணக்கூடாது. கடலடிச் சேற்றிலும் நிலத்திலும் படிந்தது பல ஆண்டுகள் மெல்ல மெல்ல வெளிவந்துகொண்டே இருக்கும்.

பரங்கிப்பேட்டையில் பார்த்தது

நெல் வயலுக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பை நம் தமிழ்நாட்டிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வு மையமும் ஜப்பானின் எகிமே பல்கலைக்கழகமும் சேர்ந்து, 1980களின் இறுதியில் வெள்ளாற்றுப் படுகையில் காற்று, நீர், வயல் மண், ஆற்றுச் சேறு ஆகியவற்றை மாதந்தோறும் எடுத்துச் சோதித்தன. அப்போது பி.எச்.சி. தாராளமாகப் புழங்கிய காலம். நெல் பயிராகும் மழைப்பருவத்தில் காற்றிலும் நீரிலும் பி.எச்.சி. ஏறியது, கோடையில் இறங்கியது. உழவர் மருந்து போடும் நாட்காட்டியே ஆற்று நீரில் எழுதியிருந்தது எனலாம்.

அதைவிட வியப்பானது அடுத்த கணக்கு. வயலில் போட்ட பி.எச்.சி.யில் 99 சதவீதத்துக்கு மேல் ஆவியாகிக் காற்றில் ஏறிவிடுகிறது. ஆற்றின் வழியே கழிமுகத்துக்குப் போவது அரை சதவீதத்துக்கும் குறைவு என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். வெப்ப நாட்டு வயலில் வெயிலும் தேங்கிய நீரும் சேர்ந்து செய்யும் வேலை இது. காற்றில் ஏறியது மறைந்துபோவதில்லை. குளிர்ந்த நாடுகளில் மழையோடும் பனியோடும் கீழே இறங்குகிறது. பி.எச்.சி.யே போடாத வடதுருவக் கடலிலும் அது காணப்பட்டதற்கு இதுவே காரணம்.

அரை சதவீதம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. ஏக்கருக்கு 10 சத பி.எச்.சி. தூள் 10 கிலோ போட்டால் அதில் மருந்துச் சரக்கு 1 கிலோ. அதில் 0.4 சதவீதம் ஓடினால் 4 கிராம். ஆயிரம் ஏக்கருக்கு 4 கிலோ. நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் இந்த 4 கிலோ கலந்தால் 400 கோடி லிட்டர் நீர் மாசுபடும்.

எவ்வளவு சிறிய அளவு?

எச்சத்தை 'பத்து இலட்சத்தில் ஒரு பங்கு' என்ற அலகில் சொல்வது வழக்கம். அதாவது ஒரு கிலோ மீனில் ஒரு மில்லிகிராம். நெல் கணக்கில் சொன்னால், ஒரு டன் நெல்லில் ஏறக்குறைய 4 கோடி மணிகள் இருக்கும். அந்தக் குவியலில் 40 மணி மட்டும் வேறு இரகம் என்றால், அதுதான் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. மீனில் நாம் தேடுவது பெரும்பாலும் இதிலும் நூற்றில் ஒரு பங்கு. கண்ணாலோ மூக்காலோ நாக்காலோ இதை அறிய முடியாது. 'மருந்து வாடை அடிக்கிறது' என்று மீனை ஒதுக்குவதும், 'வாடை இல்லை, நல்ல மீன்' என்று வாங்குவதும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

மாதிரி எடுத்தல்

அளப்பதில் பெரும்பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. தாம்பரம் சந்தையில் ஒரு கூடையிலிருந்து இரண்டு மீனை எடுத்துச் சோதித்துவிட்டு 'சென்னைக் கடல் இப்படி இருக்கிறது' என்று சொல்ல முடியாது. அந்த மீன் காசிமேட்டில் இறங்கியதா, வேறு துறையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததா என்பதே தெரியாது. எந்தக் கடலில், எந்த மாதத்தில் பிடித்தது, என்ன இனம், என்ன நீளம், என்ன எடை என்று எழுதிவைக்க வேண்டும். ஒரே இனத்தில் ஒரே அளவுள்ள பல மீன்களை எடுக்க வேண்டும். கருவாடு எடுத்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. ஈ மொய்க்காமலிருக்க மருந்துத் தூளைத் தூவும் கெட்ட வழக்கம் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அத்தகைய கருவாட்டில் கிடைக்கும் எண் கடலைப் பற்றியதல்ல, காயவைத்த களத்தைப் பற்றியது.

ஓர் ஆற்றின் கழிமுகத்தை மட்டும் அறிய வேண்டுமானால் நீந்திப் போகும் மீனைவிட, பாறையில் ஒட்டிக்கொண்டு ஓரிடத்திலேயே வாழும் பச்சை ஆழி போன்ற சிப்பிகள் நல்ல சாட்சி. ஆசிய நாடுகளின் கரைகளில் இம்முறையில் ஆய்வு நடந்தது. 1994, 1995இல் இந்தியக் கரைகளிலும் ஆழிகள் சேகரிக்கப்பட்டன.

எடுத்த மீனை நன்னீரில் கழுவி, அலுமினியத் தாளில் சுற்றி, ஐஸில் வைத்து ஆய்வுக்கூடம் கொண்டுபோய், பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரில் வைக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் உள்ள சில பொருள்கள் கருவியில் பொய்க் குறிகளைக் காட்டும் என்பதால் அதைத் தவிர்க்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில்

செதில், முள், குடல் நீக்கி, நாம் உண்ணும் சதையை மட்டும் அரைத்து, 10 கிராம் நிறுத்து எடுக்கிறார்கள். ஈரத்தை உறிஞ்ச நீரற்ற சோடியம் சல்பேட் உப்பைக் கலந்து, ஹெக்சேன் போன்ற கரைப்பானைக் கொண்டு சாக்ஸ்லெட் என்னும் கண்ணாடிக் கருவியில் பல மணி நேரம் கொழுப்பைக் கரைத்து வடிக்கிறார்கள். நச்சு கொழுப்போடு சேர்ந்து வந்துவிடும். வடித்ததில் ஒரு பகுதியை ஆவியாக்கி, மீதியாகும் கொழுப்பை நிறுத்துக் குறித்துக்கொள்கிறார்கள். இந்தக் கொழுப்பு எடை பின்னால் மிகவும் தேவைப்படும்.

அடுத்தது துப்புரவு. கொழுப்போடு கருவியில் செலுத்தினால் கருவி கெடும். அடர் கந்தக அமிலத்தோடு குலுக்கினால் கொழுப்பு எரிந்து பிரியும், டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் அப்படியே நிற்கும். ஆனால் டைல்ட்ரின் அமிலத்தில் சிதைந்துவிடும். அதைத் தேடுகிறவர்கள் ஃபுளோரிசில் என்னும் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியே வடிகட்ட வேண்டும். அமிலத்தால் துப்புரவு செய்துவிட்டு 'டைல்ட்ரின் இல்லை' என்று எழுதும் அறிக்கைக்குப் பொருளே இல்லை.

துப்புரவான கரைசலை 1 அல்லது 2 மில்லிலிட்டராகச் சுண்டவைத்து, அதில் ஒரு மைக்ரோலிட்டரை, அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை, காஸ் குரோமட்டோகிராப் என்னும் கருவியில் செலுத்துகிறார்கள். சூடான நீண்ட மெல்லிய குழாய்க்குள் வாயு ஓட்டத்தில் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து ஓடுகின்றன. ஒவ்வொன்றும் வெளிவர ஆகும் நேரம் வேறு. நுனியில் உள்ள எலக்ட்ரான் பற்றும் உணரி குளோரின் உள்ள பொருள்களை மிக நுட்பமாக உணர்ந்து தாளில் முகடு வரைகிறது. ஜேம்ஸ் லவ்லாக் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1957இல் அமைத்த இந்தச் சிறு உணரி இல்லாதிருந்தால் உலகில் எங்கும் பரவிக் கிடந்த டி.டி.டி.யை அளந்திருக்கவே முடியாது. முகடு வந்த நேரம் பெயரைச் சொல்லும். முகட்டின் பரப்பு அளவைச் சொல்லும். இரண்டு பொருள்கள் ஒரே நேரத்தில் வெளிவருவதும் உண்டு என்பதால், ஐயம் வந்தால் மூலக்கூற்று எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் உறுதி செய்கிறார்கள்.

ஒரு கணக்கு

கீழே வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக அமைத்தவை. எந்த மீனிலும் அளந்தவை அல்ல.

டி.டி.டி. சிதைந்தால் டி.டி.இ. ஆகும். ஒரு மில்லிலிட்டரில் 0.1 மைக்ரோகிராம் டி.டி.இ. உள்ள அளவுக் கரைசலுக்கு முகட்டுப் பரப்பு 5000 என்று வைத்துக்கொள்வோம். மத்தி மீன் கரைசலுக்கு 3000 வந்தது. எனவே அதில் மில்லிலிட்டருக்கு 0.06 மைக்ரோகிராம். கரைசல் மொத்தம் 2 மில்லிலிட்டர்; ஆகவே 0.12 மைக்ரோகிராம். இது 10 கிராம் சதையிலிருந்து வந்ததால் கிராமுக்கு 0.012 மைக்ரோகிராம், அதாவது பத்து இலட்சத்தில் 0.012 பங்கு.

இத்தோடு முடியவில்லை. வடிக்கும்போதும் துப்புரவு செய்யும்போதும் கொஞ்சம் வீணாகிப் போகும். எவ்வளவு போகிறது என்று அறிய, தெரிந்த அளவு மருந்தை நல்ல மீன் சதையில் கலந்து, அதையும் இதே வழியில் அளக்கிறார்கள். கலந்ததில் 80 சதவீதம் திரும்பக் கிடைத்தால், மேலே சொன்ன 0.012 உண்மையில் 0.015. மீனே இல்லாமல் வெறும் கரைப்பானை மட்டும் எல்லாப் படிகளிலும் ஓட்டிப் பார்ப்பதும் கட்டாயம். அதில் முகடு வந்தால் நச்சு மீனில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது.

அந்த மத்தியில் கொழுப்பு 8 சதவீதம் என்க. 0.015ஐ 0.08ஆல் வகுத்தால், கொழுப்பில் மட்டும் 0.19 பங்கு. இன்னொரு மீன் 1 சதவீதமே கொழுப்புள்ளது, சதையில் 0.003 பங்குதான் கிடைத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் மத்தி ஐந்து மடங்கு கெட்ட மீன். கொழுப்பில் கணக்கிட்டால் இரண்டாம் மீன் 0.3; அதுதான் அதிக மாசுள்ள இடத்தில் வாழ்ந்திருக்கிறது. உண்பவனுக்குச் சதைக் கணக்கு வேண்டும். கடலின் நிலையை அறிய விரும்புபவனுக்குக் கொழுப்புக் கணக்கு வேண்டும். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் போடும் செய்தியை நம்புவதற்கில்லை.

பழையதா, புதியதா?

உழவருக்கு மிகவும் வேண்டிய செய்தி, எனக்குத் தெரிந்தவரை, மொத்த அளவில் இல்லை. அது எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. டி.டி.டி. நாளாக ஆக டி.டி.இ.யாகவும் டி.டி.டி.யின் வேறு சிதைவுகளாகவும் மாறும். மீனில் டி.டி.இ. மிகுந்து டி.டி.டி. குறைந்திருந்தால் அது பழைய கணக்கு. டி.டி.டி.யே ஓங்கியிருந்தால் அண்மையில் எங்கோ புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

பி.எச்.சி.யும் அப்படியே. பழைய தூளில் ஆல்பா வகை 60 முதல் 70 சதவீதம். பூச்சியைக் கொல்லும் காமா வகை 10 முதல் 15 சதவீதம் மட்டுமே. அதாவது மூட்டை தூக்கி வந்து நாம் தூவியதில் பெரும்பகுதி பூச்சிக்கு ஒன்றும் செய்யாத சரக்கு. மீனில் ஆல்பா மிகுந்தால் பழைய தூள் என்றும், காமா மட்டும் தனித்து நின்றால் லிண்டேன் என்றும், பீட்டா ஓங்கியிருந்தால் நெடுநாள் தங்கிய எச்சம் என்றும் படிக்கலாம். பீட்டா வகைதான் எளிதில் சிதையாமல் கடைசிவரை நிற்பது.

கோவையில் விற்ற மீன்

ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தார் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே நமக்கு நேரடியாக உதவும். கொச்சி, இராமேசுவரம் கடல்களில் பிடித்துக் கோவையில் விற்ற 10 இனங்களைச் சேர்ந்த 389 மீன்களை அவர்கள் சோதித்தனர். பி.எச்.சி., டி.டி.டி., ஹெப்டாகுளோர் எபாக்சைடு, எண்டோசல்பான், டைல்ட்ரின் ஆகியவை பல அளவுகளில் இருந்தன. மத்தி, கானாங்கெளுத்தி, ஒரு பாரை இனம், தும்பிலி, ஆழ்கடலில் வாழும் பச்சைக்கண் மீன் ஆகியவற்றில் அளவு கூடுதல். ஆனாலும் இனத்துக்கு இனமோ இடத்துக்கு இடமோ பெரிய வேறுபாடு இல்லை. அந்தப் பாரை இனத்தை உண்பவருக்கு மட்டும், ஒரு நாளில் உடலில் சேரும் பி.எச்.சி. ஏற்கத்தக்க வரம்பைத் தாண்டுவதாகக் கணக்கில் வந்தது. பி.எச்.சி. தடைக்குப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நிலை.

வரம்பு என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். டி.டி.டி.க்கு உலக அமைப்புகளின் வல்லுநர் குழு 2000இல் வகுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.01 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 600 மைக்ரோகிராம். நம் கணக்கில் வந்த மத்தியை 100 கிராம் உண்டால் சேருவது 1.5 மைக்ரோகிராம். வரம்புக்கு மிகக் கீழே. ஆனால் மீன் மட்டுமே வழி அல்ல. இந்திய உணவுப் பொருள்களைச் சோதித்து 1992இல் வெளியான ஆய்வு பாலையும் பால் பொருள்களையும் முக்கிய வழியாகக் காட்டியது. வைக்கோலில் ஒட்டியது மாட்டின் வழியே வெண்ணெயில் வந்து சேருகிறது. ஆகவே மீனை விட்டுவிடுவது தீர்வாகாது. நல்ல புரதத்தைத்தான் இழப்போம். தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கினால் எச்சத்தில் ஒரு பகுதி குறையும்.

வயலில் செய்ய வேண்டியவை

பழைய பி.எச்.சி. மூட்டையோ எண்டோசல்பான் டப்பாவோ பரணிலோ மாட்டுக்கொட்டகையிலோ கிடந்தால் கிணற்றிலும் ஏரியிலும் கொட்டக்கூடாது. புதைக்கவும் எரிக்கவும் கூடாது. குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாதபடி பூட்டிவைத்து, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் தெரிவிக்க வேண்டும். இன்று கிடைக்கும் மருந்துகளிலும், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டுகள் மீனில் டி.டி.டி. போல் நெடுநாள் தங்காவிட்டாலும், நீரில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மீனைக் கொன்றுவிடும். தெளித்த வயலின் நீரைச் சில நாட்கள் மடையடைத்து நிறுத்த வேண்டும். மழை கருக்கும் நாளில் தெளிக்கக்கூடாது. காலி டப்பாவை மூன்று முறை கழுவி அந்த நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்ற வேண்டும், வாய்க்காலில் அலசக்கூடாது. நெல் தண்டுத்துளைப்பானுக்குச் சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் அல்லது 10 சதவீதம் நடுக்குருத்துக் காய்தல் காணும்வரை மருந்தே வேண்டியதில்லை.

குளத்தில் மீன் செத்தால்

ஏரி, குளத்தில் மீன் வளர்ப்போர் மீன் மிதந்ததும் மருந்தைக் குற்றம் சொல்வது இயல்பு. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறி, பெரிய மீன்கள் முதலில் செத்தால் அது பெரும்பாலும் நீரில் பிராணவாயுக் குறைவு. பகலிலும் சாவு தொடர்ந்து, சிறு மீன், இறால், நீர்ப்பூச்சி எல்லாம் சேர்ந்து செத்தால் மருந்தை ஐயப்படலாம். அப்போது நேரம் கடத்தாமல், உயிர் ஊசலாடும் மீன்கள் சிலவற்றை எடுத்து அலுமினியத் தாளில் சுற்றி ஐஸில் வைக்கவும். அழுகிய மீன் பயன்படாது. நன்கு கழுவிய கண்ணாடிப் புட்டியில் குளத்து நீர் 1 லிட்டரும், நீர் உள்ளே வரும் வாய்க்காலிலிருந்து 1 லிட்டரும் தனித்தனியே எடுத்து, வெயில் படாமல் குளிரில் வைக்கவும். இடம், நாள், மணி, அக்கம்பக்கத்து வயல்களில் கடைசியாகத் தெளித்த மருந்தின் பெயர், தெளித்த நாள் ஆகியவற்றை எழுதி உடன் வைத்து, முதல் நாளே ஆய்வுக்கூடம் சேர்த்துவிட வேண்டும். மருந்துப் பெயர் தெரியாவிட்டால் டப்பாவின் லேபிளைக் கிழித்து அனுப்பினாலும் போதும். எதைத் தேடுவது என்று தெரிந்தால்தான் எந்த முறையில் துப்புரவு செய்வது என்பதை ஆய்வாளர் முடிவு செய்ய முடியும்.